பீஸ் கேட்ட இங்கிலீஷ் படம்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இதை நானாக ஒப்புக்கொள்ள முப்பது வருஷம் ஆயிற்று. ஊருக்குத் தெரிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி போதுமானதாக இருந்தது. அதிலும் இடைவேளை வரைக்கும்தான்.

தெரியாது என்றால் அடியோடு தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். (அப்படி இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.) அறுபதுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு நூல் கடையில் நான் குமாஸ்தா. பி.ஏ. வரை போய், மற்ற பாடங்களில் எல்லாம் தேறி, இங்கிலீஷில் மட்டும் மூன்று முறை தோற்றுத் திரும்பியவன். ஆனாலும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகிற இங்கிலீஷ் கடிதங்களை நான்தான் எழுதினேன். அதற்கு வேண்டியது மொத்தம் நாற்பது சொற்கள். கவுண்ட் என்றால் நூலின் மெல்லிசு. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பீஸ் என்றால் ஒரு பனியன். தைக்கிறவர்களுக்குக் கூலி பீஸ் கணக்கில்தான். கம்பெனி என்றால் பனியன் கம்பெனி. ஆர்டர் என்றால் ஆர்டர். இவற்றை முன்னே பின்னே மாற்றிப் போட்டு, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்தால் ஒரு கடிதம் தயார். உலகத்தில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த நாற்பது சொற்களை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையில் எங்கள் கடைக்கு இங்கிலீஷில் ஒரு பெயர்ப் பலகையும் நானே எழுதி மாட்டினேன். ஒரு நாள் கந்தசாமி முதலாளி நூல் எடுக்க வந்தபோது அவர் மகளும் கூட வந்தாள். பெயர் மரகதம். அவள் கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்று பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு பெண் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. (அம்மா வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓமக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். குடித்தேன்.) கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று கஷாயத்தைக் கையில் வைத்துக்கொண்டே முடிவு செய்தேன்.

என் தாய்மாமன் வேலுச்சாமி மாமாதான் தூது போனார். கந்தசாமி முதலாளிக்கு ஐம்பது பேர் வேலை செய்கிற பனியன் கம்பெனி. குமாஸ்தாவுக்குப் பெண் கொடுக்க அவருக்கு ஒரு அவசியமும் இல்லை. ஆனால் அவருக்கும் ஒரு தலைவலி இருந்தது. வடக்கேயிருந்து அவருக்கு இங்கிலீஷில் கடிதங்கள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றைப் படிக்க அவர் வீடு வீடாக ஆள் தேடிக்கொண்டிருந்தார். இதைத் தெரிந்துகொண்டு போன மாமா, எங்கள் பையனுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டில் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

கந்தசாமி முதலாளி நூலை இரண்டு கையாலும் இழுத்து அறுத்துப் பார்க்காமல் ஒரு கட்டுகூட வாங்க மாட்டார். மாப்பிள்ளையை மட்டும் சும்மா வாங்குவாரா? ஞாயிற்றுக்கிழமை சினிமாக் கொட்டகையில் ஒரு வெள்ளைக்காரப் படம் போடுகிறார்கள், குடும்பத்தோடு வருகிறோம், பையனும் வரட்டும், பெண்ணைப் பார்த்ததாகவும் இருக்கும், படத்தைப் பார்த்துப் பையன் எனக்குக் கதை சொன்னதாகவும் இருக்கும் என்று சொல்லியனுப்பினார். கோயிலில் பெண் பார்த்தவர்கள் உண்டு, உறவினர் வீட்டில் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலீஷ் பரீட்சை எழுதிக்கொண்டே பெண் பார்த்தவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

அன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. (மறுபடியும் கஷாயம்.) வேலுச்சாமி மாமாவுக்கு ஒரு கவலையும் இல்லை.

"அவருக்குக் காது கேக்காது மாப்ள. மிஷினு சத்தத்துல நின்னு நின்னு பாதிக் காது போச்சு. காது கேக்காதவருகிட்ட நீ என்ன கதெ சொன்னா என்ன?" என்றார்.

இதில் மாமா ஒன்றை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. காது கேட்காதவரிடம் கதை சொல்ல வேண்டுமானால் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

கொட்டகை அன்றைக்கு நிறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகளுக்கு லீவு. இங்கிலீஷ் படம் என்றால் முத்தம் இருக்கும் என்ற நம்பிக்கையில் தரை டிக்கெட்டும் பெஞ்சு டிக்கெட்டும் முழுக்கப் பனியன் கம்பெனி ஆட்கள். அவர்களில் பதினைந்து பேராவது கந்தசாமி முதலாளியிடமே வேலை செய்கிறவர்கள். ராசு என்ற தையல்காரர் எழுந்து அவருக்கு ஒரு வணக்கம் வைத்தார். முதலாளி அதைப் பார்க்காத மாதிரி படியேறினார். போன வாரம்தான் ராசுவின் தலைமையில் எல்லாரும் வந்து பீஸ் ரேட்டைக் கூட்டித்தரச் சொல்லிக் கேட்டார்களாம். இப்போதைக்கு இல்லை என்று இவர் சொல்லி அனுப்பிவிட்டாராம். மாடியில் பால்கனி என்ற பெயரில் இரண்டு வரிசை நாற்காலி. முன் வரிசையில் கைப்பிடிச் சுவரை ஒட்டி முதலாளி உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் நான், எனக்கு அடுத்து மாமா. இடப்பக்கம் அவர் மனைவி, அந்தக் கோடியில் மரகதம். பச்சைத் தாவணி கட்டியிருந்தாள். அதற்கு மேல் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விளக்கு அணைந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ஒரு ஏரிக்கரை, அதன் மேல் ஒரு பெரிய பங்களா. கடிகாரச் சங்கிலி தொங்கவிட்ட தொப்பைக்காரர் ஒருவர் வந்தார். "மில் முதலாளிங்க" என்று கத்தினேன். ஓர் அழகான பெண் மாடிப்படி இறங்கினாள். "அவரு பொண்ணுங்க" என்றேன். (இரண்டில் ஒன்று சரிதான்.) பின்னாலிருந்து யாரோ உஸ் என்றார்கள். வேறொருவர், உஸ் சொல்லாதீங்க, அவர் சொன்னால்தான் நமக்கும் புரிகிறது என்று என் கட்சிக்கு வந்தார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

அடுத்து மெலிந்த வாலிபன் ஒருவன் தோல்பையோடு வந்தான். கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் பலகையைக் கழற்றினான். உள்ளே நூற்றுக்கணக்கான கம்பிகள் வரிசையாக இழுத்துக் கட்டியிருந்தன. அவன் ஒவ்வொன்றாகத் தொட்டு முறுக்கிச் சரிபார்த்தான். அதற்குப் பெயர் பியானோ என்று இன்றைக்கு எனக்குத் தெரியும்.

"ஏனுங் மாப்ள, அது தறிங்களா?" என்றார் முதலாளி.

நானும் பார்த்தேன். தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டிய மாதிரியேதான் இருந்தது. "ஆமாங்க, வெளிநாட்டுத் தறிங்க. பையன் மிஷினு ரிப்பேருங்க" என்று கத்தினேன்.

அந்த வாலிபன் உட்கார்ந்து பத்து விரலாலும் தட்டினான். அருமையான சங்கீதம் வந்தது. தறியிலிருந்து எப்படி இப்படிச் சத்தம் வருகிறது என்று அவர் சந்தேகப்பட்டார். காது வலிக்காத மாதிரி புது மாடல் பண்ணியிருக்கிறான் வெள்ளைக்காரன் என்று சொன்னேன். முதலாளி அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அப்பிடி ஒண்ணு அன்னைக்கே நம்மூருக்கு வந்திருந்தா என்ற காது போயிருக்காதுங்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மரகதம் இருந்த பக்கமிருந்து ஒரு சின்ன இருமல் கேட்டது.

அந்த வாலிபனை நான் ஏழை, ஆனால் நெம்ப நல்லவன், படித்தவன், முதலாளி மகள்மேல் உயிராக இருக்கிறான் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். படத்தில் அவன் இன்னும் அவளிடம் பேசவே ஆரம்பிக்கவில்லை. என் சொந்த மனுவைத்தான் அவன் பேரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வேலைக்காரன் ஒருவன் ஓடிவந்து குனிந்து ஏதோ சொன்னான். அதில் 'கவுண்ட்' என்ற சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். என் நாற்பது சொற்களில் ஒன்று. "நூல் வந்திருச்சுங்க" என்று கத்தினேன். குதிரை வண்டி ஒன்று வந்து நின்றது. அதன் கூரையில் பெரிய பெரிய பெட்டிகள். சரிதான் என்று நான் நிமிர்ந்து உட்கார்வதற்குள், வண்டியிலிருந்து மீசை வைத்த பெரிய மனிதர் ஒருவர் தடியோடு இறங்கினார். எல்லாரும் அவரைக் கவுண்ட், கவுண்ட் என்று சொல்லிக் குனிந்து கும்பிட்டார்கள்.

(வெள்ளைக்காரர்களிடம் கவுண்ட் என்று ஒரு பட்டம் உண்டு, நம்மூர் ஜமீன்தார் மாதிரி. இதை எனக்கு யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்?)

"இவருதானுங்க நூல் ஏஜெண்டு" என்றேன்.

"ஒரு ஏஜெண்டுக்கு இத்தனெ மருவாதியா?"

"நூல் தட்டுப்பாடுங்க."

முதலாளி பெருமூச்சு விட்டார். அந்த வருஷம் நூல் கிடைக்காமல் அவர் எத்தனை ஏஜெண்டுகளுக்குக் கும்பிடு போட்டிருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த இடத்திலிருந்து அவர் படத்தோடு ஒன்றிவிட்டார். ஏஜெண்டுக்கே பெண்ணைக் கட்டிக்கொடுக்க அந்த அப்பன் நினைக்கிறான் என்றேன். அதுதான் புத்திசாலித்தனம் என்றார் முதலாளி. என் மனு தள்ளுபடியாகிற மாதிரி இருந்தது.

தோட்டத்தில் வாலிபனும் அந்தப் பெண்ணும் நெருங்கி நின்றபோது, கீழே தரை டிக்கெட்டில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. கொட்டகை ஆபரேட்டர் குடும்பஸ்தர். கையை லென்ஸுக்கு முன்னால் வைத்து மறைத்துவிட்டார். ஆனால் அரை நொடி தாமதமாக மறைத்தார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். காதில் ரகசியம் சொல்கிறான் என்றேன். காது அங்கேயா இருக்கிறது என்று கேட்டார். நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

நல்லவேளையாக அடுத்த காட்சியில் வாலிபன் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையில் வந்தான். அவன் அவளிடம் மெதுவாகப் பேசியதில் என் சொற்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தன. ஒன்று கம்பெனி, இன்னொன்று ஆர்டர்.

"பையன் கம்பெனிக்கு ஆர்டர் வந்திருச்சாமுங்க" என்று கத்தினேன். கீழே கைதட்டல் எழுந்தது. திருப்பூரில் யாருக்கு ஆர்டர் வந்தாலும் அது நல்ல சேதிதானே?

"அப்பறம் எதுக்கு அந்தப் புள்ள அழுகுது?" என்றார் முதலாளி.

திரையில் அவள் அவன் மார்பில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"சந்தோஷத்துலதானுங்க" என்றேன்.

பட்டாளத்திலும் கம்பெனி உண்டு, யுத்தத்துக்குப் புறப்படச் சொல்லி வருவதற்கும் ஆர்டர் என்றுதான் பெயர் என்பது என் கடிதங்களில் வராத சங்கதி. ஆனால் அதோடு நின்றிருந்தால்கூட இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. முதலாளி என் தோளைத் தட்டி, நன்றாகச் சொல்கிறீர்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார். மாமா என் தொடையைக் கிள்ளினார். கல்யாணம் முடிந்து, குழந்தைகளுக்குப் பெயர் வைப்பதுவரை நான் மனதில் போய்விட்டேன்.

அப்போதுதான் திரையில் அந்த ஊர்ச் சதுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள். ஆண்கள், பெண்கள், கையில் அட்டை, முகத்தில் ஆவேசம். எல்லாரும் ஒரே குரலில் கோஷம் போட்டார்கள். "பீஸ்! பீஸ்! பீஸ்!"

இதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொட்டகை முழுக்க ஒரு சலசலப்பு. தரை டிக்கெட்டில் நாலைந்து பேர் முழங்காலிட்டு எழுந்து பார்த்தார்கள். முதலாளிக்கு மட்டும் இரைச்சல்தான் கேட்டது, சொல் பிடிபடவில்லை. என்ன கேட்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். புத்தியுள்ளவனாக இருந்திருந்தால் ஏதாவது சாமி ஊர்வலம் என்று சொல்லியிருப்பேன். நான் பரீட்சை எழுதுகிற ஜோரில் இருந்தேன்.

"பீஸ் ரேட்டு ஏத்திக் கேக்கறாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அதே நேரம் படத்தில் அந்தத் தொப்பைக்கார முதலாளி தன் பங்களாவின் பால்கனிக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜனங்களைப் பார்த்துக் கையை ஓங்கி, 'நோ பீஸ்' என்று முழங்கினார். பீஸ் கிடையாது. எல்.கே.ஜி. பிள்ளைக்கும் புரிகிற இங்கிலீஷ். கீழே இருந்த ஜனம் மொத்தமும் ஒரு நொடி திரையைப் பார்த்தது. பிறகு அப்படியே தலையைத் திருப்பி அண்ணாந்து எங்கள் பால்கனியைப் பார்த்தது. அங்கே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, அதே தொப்பையோடு கந்தசாமி முதலாளி உட்கார்ந்திருந்தார்.

ராசு எழுந்து நின்றார். எங்கள் பக்கத்தில் கலவரம் என்றாலும் மரியாதை குறையாது. தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங் மொதலாளி, வெள்ளைக்காரன் ஊர்லயும் நம்ம கதெதானுங்களா?" என்றார்.

அவ்வளவுதான். தரையும் பெஞ்சும் சேர்ந்து 'பீஸ் ரேட்டு' என்று கோஷம் போட ஆரம்பித்தன. படத்து ஜனமும் போட்டது. எது திரை, எது கொட்டகை என்று தெரியவில்லை. ஆபரேட்டர் பயந்துபோய் இடைவேளை விட்டுவிட்டார். விளக்கு எரிந்தது. முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. அவர் எழுந்தார். ஆளை வைத்து என் கம்பெனிக்காரர்களைத் தூண்டிவிடவா என்னைக் கூட்டிவந்தீர்கள் என்று மாமாவைக் கேட்டார். நான் நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று உண்மையாகவே குனிந்து பார்த்தேன். இடம் போதாது.

அப்போது அந்தக் கோடியிலிருந்து மரகதம் எழுந்து வந்தாள். அப்பாவின் காதருகே குனிந்தாள். அவருக்குக் கேட்க வேண்டுமானால் ஊருக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அப்பா, அது நம்ம பீஸ் இல்லீங்ப்பா. சண்டெ வேண்டாம், சமாதானம் வேணும்னு கேக்கறாங்க. இங்கிலீசுல சமாதானத்துக்கும் பீஸுன்னுதான் பேரு."

கொட்டகை அடங்கிவிட்டது.

"உனக்கெப்பிடி அம்மிணி தெரியும்?" என்றார் அப்பா.

"நீங்கதானுங்க கோயமுத்தூர்ல சின்னம்மா ஊட்டுல வெச்சு எட்டு வருசம் கான்வெண்டுல படிக்க வெச்சீங்க."

முதலாளி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வடக்கேயிருந்து வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு அவர் எத்தனை வீட்டுப் படி ஏறினாரோ தெரியாது. வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள் என்பது அவருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. பெண்ணைப் படிக்க வைத்தது நல்ல மாப்பிள்ளை கிடைக்கத்தான் என்று நினைத்திருந்தார்கள். அவளும் யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

மரகதம் அங்கேயே நின்று, இதுவரை நடந்த கதையை முதலிலிருந்து சொன்னாள். தொப்பைக்காரர் மில் முதலாளி இல்லை, மந்திரி. அது தறி இல்லை, வாத்தியம். தடியோடு வந்தவர் நூல் ஏஜெண்டு இல்லை, ஜமீன்தார். வந்தது பனியன் ஆர்டர் இல்லை, யுத்தத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு. அந்தப் பெண் அழுதது சந்தோஷத்தில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழேயிருந்து சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் நான் ஒரு அங்குலம் குறைந்தேன். கடைசியில் ராசு மறுபடியும் எழுந்து, எங்களுக்கும் சமாதானம்தான் வேணுங்க, பீஸுக்குக் கொஞ்சம் பார்த்துப் போட்டீங்கன்னா அதுவும் வந்துருமுங்க என்றார். முதலாளியாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. திங்கட்கிழமை வா, பேசலாம் என்றார். (பேசினார். போட்டும் கொடுத்தார்.)

இடைவேளைக்குப் பிறகு மரகதம்தான் என் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொன்னாள். நான் அந்தக் கோடி நாற்காலியில் வறுத்த கடலைப் பொட்டலத்தோடு இருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இங்கிலீஷ் படம் எனக்குப் புரிந்தது. யுத்தம் வந்தது. வாலிபன் போனான், சேதி இல்லை. அந்தக் கவுண்ட், நான் ஏஜெண்டு ஆக்கிய மனிதர், அவளுக்காகத் தானே போய் அவனைத் தேடிக் கண்டுபிடித்து, ஊருக்கு அனுப்பிவிட்டு அங்கேயே செத்துப்போனார். வாலிபன் திரும்பி வந்தான். பீரங்கிச் சத்தத்தில் அவனுக்குக் காது போய்விட்டிருந்தது. வாத்தியத்தைச் சுருதி சேர்த்துப் பிழைத்தவன், அவள் வாசிப்பது கேட்காமல் பக்கத்தில் நின்றான். பிறகு மெதுவாக உள்ளங்கையை அந்தப் பெட்டியின் மரத்தில் வைத்தான். முகம் மலர்ந்தது.

அந்த இடத்தில் மரகதம் ஏதோ சொல்ல அப்பா பக்கம் சாய்ந்தாள்.

"வேண்டாங் கண்ணு. இது எனக்கே தெரியுது" என்றார் அவர். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் கம்பெனியில் நிற்கும்போது மிஷின்மேல் கை வைத்துத்தான் ஓட்டம் சரியா என்று பார்ப்பார் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது. பாதி படத்துக்கு, பாதி எனக்கு.

வெளியே வந்ததும் முதலாளி மாமாவை விட்டுவிட்டு நேராக என்னிடமே பேசினார். கோபம் இல்லை, அதுதான் வலித்தது. "தம்பி, உங்களுக்கு இங்கிலீசு வராதுங்க. தெரியாதுன்னு சொல்லவும் வரமாட்டேங்குது. இங்கிலீசுக்கு இனி என்ற ஊட்டுலயே ஆளு இருக்குது" என்றார். காலையில் மாப்பிள்ளையாக உள்ளே போனவன் மதியம் தம்பியாக வெளியே வந்தேன்.

அடுத்த நாள் ஊரில் என் பெயர் 'நூல் வந்திருச்சு' என்று ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் நெம்ப மரியாதையாக, ஏனுங், ஏஜெண்டு வந்துட்டாருங்களா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நான் பத்து நாள் தலை நிமிரவில்லை. கேலியைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. அவள் கிடைக்க மாட்டாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

பதினோராம் நாள் வேலுச்சாமி மாமா மூச்சிரைக்கக் கடைக்கு வந்தார். கந்தசாமி வீட்டில் வேறு வரன்கள் பேச்சு வந்ததாம். மரகதம் அந்தப் படத்துக்கு வந்தவரையே கட்டிக்கொள்கிறேன் என்றாளாம். பொய் சொன்னவனையா என்று அப்பா கேட்டாராம். அதற்கு அவள் சொன்னதை மாமா அப்படியே ஒப்பித்தார்.

"படத்துல இருந்த கதையில அந்தப் பையனுக்குக் காது போச்சுங்க. இவரு சொன்ன கதையில காது போகாத மிஷினு இருந்துச்சு. நீங்க அன்னைக்கு எத்தனெ வருசங் கழிச்சுச் சிரிச்சீங்கன்னு எனக்குத் தெரியுமுங்ப்பா."

கந்தசாமி முதலாளி சிவன்மலையில் சாமியிடம் பூக்கேட்டுப் பார்த்துவிட்டு, சம்மதம் என்று வெள்ளைப்பூ வந்ததும் சரி என்றாராம்.

கல்யாணம் ஆன புதிதில் அவளைக் கேட்டேன், பியானோவைத் தறி என்றபோதே தடுத்திருக்கக் கூடாதா என்று. கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதனால் விட்டுவிட்டேன் என்றாள். சரி, கடைவாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தாயே, அது? அவள் அன்றைக்குத்தான் அந்தப் பலகையின் மர்மத்தை உடைத்தாள். நூலுக்கான யார்ன் என்ற இங்கிலீஷ் சொல்லின் நடுவில் நான் 'ஈ' என்ற ஓர் எழுத்தை அதிகமாகப் போட்டிருக்கிறேன். அந்த ஓர் எழுத்தால் நூல், ஏக்கம் ஆகிவிட்டது. 'இங்கே ஏக்கம் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்' என்று பலகை போட்டு, அதற்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு நான் நின்றிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் பலகையில் பொய் ஒன்றும் இல்லை.

மாமனார் கம்பெனியின் இங்கிலீஷ் கடிதங்களை அதன் பிறகு நாற்பது வருஷம் மரகதம்தான் எழுதினாள். நான் தபால் தலை ஒட்டினேன். வீட்டில் சண்டை வந்து, மூன்றாம் நாள் நானாக இறங்கிப்போய் சமாதானம் என்று ஆரம்பித்தால், "எத்தனெ பீஸுங்க?" என்று கேட்பாள். பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மருமகளுக்கு முதல் வாரமே இந்தக் கதை சொல்லப்பட்டுவிட்டது.

போன வருஷம் ஒரு மத்தியானம் அந்தப் படம் டி.வி.யில் வந்தது. ஏரிக்கரையைப் பார்த்ததுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஆறு வயதுப் பேத்தி நடுவில் உட்கார்ந்து, தாத்தா இது என்ன கதை என்றாள். மரகதத்தைப் பார்த்தேன், இங்கிலீஷ் அவள் இலாகா. அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்க நிறுத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள்.

தறி வந்தது. நூல் வந்தது. ஏஜெண்டு வந்தார். அந்தப் பெண் வாலிபனின் மார்பில் விழுந்து அழுதாள். பேத்திக்கு முகம் சுருங்கிவிட்டது, அந்த அக்கா ஏன் அழுகிறாள் என்று கேட்டாள்.

"கம்பெனிக்கு ஆர்டர் வந்திருச்சு கண்ணு" என்றேன். "சந்தோஷத்துல அழுகுது."